‘போகாதே’ என்று சொல்லாத அப்பா

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். விசாரணைக்கு வரச்சொல்லி ஆள் வந்துபோன ஒரு வீட்டைப் பற்றி நீங்கள் எழுதிய கதையை அண்மையில்தான் படித்தேன். மறுநாள் காலையில் போகவேண்டியவன் மத்தியானமே திரும்பிவிடலாம், திரும்பாமலும் விடலாம். அந்த இரவில் அவன் கிணற்றுக் கப்பியின் பழைய கயிற்றை அவிழ்த்துவிட்டுப் புதுக்கயிறு போடுகிறான். மனைவி பக்கத்தில் நின்று பழைய கயிற்றைச் சுருட்டுகிறாள். கதை முடியும்வரை இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. படித்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தைத்தான் புகழ்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 2003 இல் என் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். எனக்கு அப்போது ஒன்பது வயது. திருக்கடலூரில் இருந்தோம். அப்பாவுக்குக் கடல் தொழில்; வள்ளத்துக்கு எஞ்சின் எடுத்த கடன் தலைக்கு மேல் இருந்தது. பையோடு கொழும்புக்கு வாருங்கள், டிக்கெட் சரியென்றால் அன்றிரவே விமானம், சரிவராவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று சப் ஏஜென்ட் சொல்லியிருந்தார். அதற்கு முன்பு ஒரு தடவை அம்மா அப்படிப் போய்த் திரும்பியும் வந்திருந்தார். போவதற்கு முந்திய இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். அப்பா தையல் ஊசியில் மெல்லிய தங்கூசியை, அதாவது தூண்டிலுக்குப் போடும் நைலோன் இழையை, கோத்து, அம்மாவின் உள்பாவாடை மடிப்புக்குள் எதையோ வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். சந்திக் கடையின் தொலைபேசி இலக்கம் எழுதிய துண்டு அது என்று பிறகு அறிந்தேன். அம்மா குப்பி விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். இருவரும் ஒன்றுமே பேசவில்லை.

டிக்கெட் சரியாகவே இருந்தது. அம்மா நாலு வருடம் கழித்துத்தான் வந்தார். அப்பா இப்போது உயிரோடு இல்லை. அந்த இரவில் ‘போகாதே’ என்று அவர் ஒரு தடவை சொல்லியிருந்தால் அம்மா போயிருக்கமாட்டார் என்று இன்றும் நம்புகிறேன். பேசவேண்டிய இடத்தில் பேசாமல் இருப்பதை அன்பு என்று உங்களைப் போன்றவர்கள் எழுதி எழுதித்தான் எங்கள் ஆண்கள் அப்படியே இருந்துவிடுகிறார்கள். மரியாதைக் குறைவாக இதைச் சொல்லவில்லை.

என் கணவருக்குக் கட்டாரில் ஒரு வேலை சரிவரும்போல் இருக்கிறது. விசா வந்தால் அடுத்த மாதம் போகவேண்டியிருக்கும். எங்கள் மகனுக்கு ஏழு வயது. எங்கள் வீட்டுக்கும் அப்படி ஓர் இரவு வரப்போகிறது. நான் என்ன செய்யவேண்டும்?

ஒரு வாசகி,
திருகோணமலை.

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் பெயரையும் வீட்டை அடையாளம் காட்டக்கூடிய இரண்டொரு வரிகளையும் எடுத்துவிட்டு, நீங்கள் இசைந்தபடியே கடிதத்தை இங்கே வெளியிட்டிருக்கிறேன். தனியாகவும் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் நீங்கள் முன்வைத்திருக்கும் குற்றச்சாட்டுக்கு இந்த ஊரில் எழுதுகிற எல்லோரும் பதில் சொல்லியாகவேண்டும் என்று எண்ணுவதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

பேசாமல் இருப்பதே அன்பு என்று நான் கருதவில்லை. கடன் எவ்வளவு என்று மனைவிக்குச் சொல்லாமல் காலத்தைக் கடத்துவதும் மௌனம்தான். முடிவைத் தானே எடுத்துவிட்டு, கேட்டால் சண்டை வருமென்று வாயை மூடிக்கொள்வதும் மௌனம்தான். இவற்றை மெச்சுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கதையில் கணவனும் மனைவியும் பேசவில்லை என்று எழுதிவிடுவது எழுதுபவனுக்கு மிகவும் சுலபம். உரையாடலை எழுதும் உழைப்பு மிச்சமாகிறது, வாசிப்பவரும் அங்கே ஏதோ ஆழம் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார். ஆகவே அப்படி ஓர் இரவை எழுதும்போது ஒரு கேள்வியை விடாமல் கேட்டுக்கொள்கிறேன்: பேசாமல் இருக்கும் அந்த நேரத்தில் ஒருவர் மற்றவருக்காக எதை யோசித்து வைத்திருக்கிறார், அந்த யோசனை எந்த வேலையில், எந்தப் பொருளில் தெரிகிறது? அது தெரியாவிட்டால் அங்கே மௌனம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. எழுதியவன் எழுதாமல் விட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

உங்கள் அப்பாவின் இரவில் அது தெரிகிறது. நீங்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்ட அந்தத் தையலை விட்டு என்னால் அப்பால் போக முடியவில்லை. அவர் பருத்தி நூலை எடுக்கவில்லை, தங்கூசியை எடுத்திருக்கிறார். உப்புத் தண்ணீரில் கிடந்தும் இற்றுப்போகாத ஒன்றை வாழ்நாள் முழுவதும் கையாண்டவருக்கு, முன்பின் தெரியாத ஒரு வீட்டில் திரும்பத் திரும்பத் துவைபடப்போகும் துணியில் எந்த நூல் நிற்கும், எது நிற்காது என்று தெரிந்திருக்கிறது. தங்கூசியில் முடிச்சு எளிதில் நிற்காது, வழுக்கிக்கொண்டு அவிழும். இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, எச்சில் தொட்டு ஈரமாக்கி, மெல்ல இழுத்து இறுக்கவேண்டும். வலைக்கும் தூண்டிலுக்கும் பழகிய தடித்த விரல்கள் சிறிய தையல் ஊசியைப் பிடித்துக்கொண்டு அதைச் செய்திருக்கின்றன. அந்தத் துண்டைப் பையில் வைக்காமல் மடிப்புக்குள் வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. பை கைமாறலாம். கடவுச்சீட்டை வேலைக்கு எடுத்தவர்கள் வாங்கி வைத்துக்கொள்ளலாம். கையில் உள்ள காகிதங்கள் எல்லாம் யாரோ ஒருவருடைய அலுமாரிக்குள் போய்விடலாம். உடுத்தியிருக்கும் உள்பாவாடையை மட்டும் யாரும் கேட்கப்போவதில்லை. வெளிநாட்டைக் கண்ணால் காணாத ஒரு மனிதர், அங்கே தம் மனைவிக்கு நேரக்கூடியவற்றை ஒவ்வொரு படியாக எண்ணிப் பார்த்து, எல்லாம் போனபிறகும் எது மிஞ்சும் என்று கண்டுபிடித்து, அங்கே கொண்டுபோய் வீட்டுக்குத் திரும்பும் வழியை வைத்துத் தைத்திருக்கிறார்.

இதை வாயால் சொல்லியிருந்தால் அவர் என்ன சொல்லியிருக்கவேண்டும்? உன்னிடம் இருப்பதை எல்லாம் வாங்கிவிடுவார்கள், உன்னைப் பூட்டியும் வைக்கலாம், உதவிக்கு யாரையாவது தேடி நீ ஓடவேண்டி வரலாம் என்றல்லவா? விடிந்தால் பஸ் ஏறப்போகிறவரிடம் அதைச் சொல்லவும் முடியாது, சொல்லாமல் அனுப்பவும் முடியாது. உங்கள் அம்மாவையும் கவனியுங்கள். விளக்கைத் தரையில் வைத்துவிட்டுப் பாயில் சாய்ந்திருக்கலாம். அவர் அதைக் கையில் எடுத்து, ஊசி போகும் பக்கத்துக்கு வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். ஒவ்வொரு தையலும் எதற்காக விழுகிறது என்று தெரிந்துகொண்டு, அது தெரியும் என்பதைக் கணவருக்கும் தெரியப்படுத்திக்கொண்டு, அவர் கை நின்றுவிடாதபடி தம்மை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறார். அங்கே இரண்டு பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்திருக்கிறார்கள். பாயில் கண்மூடிக் கிடந்த ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது வெறும் பேச்சின்மையாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

இந்தக் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது, அது உறுதியான பிரிவு அல்ல என்று நீங்கள் சொல்லியிருப்பதுதான். அம்மா ஏற்கனவே ஒரு தடவை போய்த் திரும்பி வந்திருந்தார். மறுநாள் இரவு அவர் விமானத்தில் இருக்கலாம், அல்லது பையோடு அதே படலையைத் திறந்துகொண்டு உள்ளே வரலாம். இப்படிப்பட்ட இரவில் வாயைத் திறப்பவர் இரண்டு விடியல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாகவேண்டும். கடைசி இரவுபோலப் பேசினால் பிரிவைக் கூப்பிட்டு முற்றத்தில் இருத்துவதாகிவிடும். மறுநாள் அவர் திரும்பி வந்துவிட்டால் அந்தப் பேச்சை இருவரும் எங்கே கொண்டுபோய் வைப்பது? வழமையான இரவுபோலப் பேசினால், ஒருவேளை அவர் போய்விட்டால், அந்தச் சாதாரணப் பேச்சு ஆண்டுக்கணக்காக மனதை அரிக்கும். கைவேலைக்கு இந்தச் சங்கடம் இல்லை. அம்மா திரும்பி வந்திருந்தாலும் மடிப்பில் தைத்த துண்டால் எவருக்கும் நட்டமில்லை. என் கதையில் வருபவன் மத்தியானமே விடுபட்டு வந்திருந்தாலும் கிணற்றுக்குப் புதுக்கயிறு வேண்டியதுதான். எந்த விடியல் வந்தாலும் வீணாகாத ஒன்றை அந்த மனிதர்கள் தேடிச் செய்கிறார்கள். அந்த இரவின் அன்பை நான் அங்கேதான் காண்கிறேன். அதனால்தான் அந்தக் கணவனின் கையில் கயிற்றைக் கொடுத்தேனே தவிர, ஒரு வசனத்தைக் கொடுக்கவில்லை.

இனி ‘போகாதே’ என்ற சொல்லுக்கு வருகிறேன். உங்கள் கோபத்தின் வேர் அங்கே இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து, கடலில் இருந்த கட்டுப்பாடுகள் தளரத் தொடங்கியபோது, கடல் திரும்பக் கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கையில் கடன்பட்டு எஞ்சின் எடுத்தவர்களை நான் அறிவேன். ஆனால் நம்முடைய கரையில் ஆண்டு முழுவதும் தொழில் இல்லை. வாடைக்காலம் தொடங்கிவிட்டால் கடல் எழும்பி நிற்கும், வள்ளங்கள் கரையில் கிடக்கும். தவணை மட்டும் மாதம் தவறாமல் வரும். இந்த நிலையில் ‘போகாதே’ என்று சொல்பவர், தவணை கேட்டு வருபவருக்கு என்ன பதில் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அதற்கு வழியில்லாதவர் சொல்லும் ‘போகாதே’, அவருடைய மனத்தின் பாரத்தை இறக்கி மனைவியின் தலையில் ஏற்றிவிடுகிறது. அதற்குப் பிறகும் அம்மா போயிருந்தால், கணவன் தடுத்தும் கேளாமல் போனவள் என்ற பெயரோடு போயிருப்பார். வெளிநாட்டு வேலைக்குப் போன பெண்களைப் பற்றி ஊர் என்னவெல்லாம் பேசியது என்பது நீங்களும் அறிந்ததுதான். போகாமல் நின்றிருந்தால், அடுத்து வந்த ஒவ்வொரு பட்டினிக்கும் தாமே காரணம் என்று எண்ணியிருப்பார். அந்தச் சொல்லைத் தம் தொண்டைக்குள் நிறுத்திக்கொண்டதன்மூலம், இந்த இரண்டிலிருந்தும் அப்பா அவரைக் காத்திருக்கிறார் என்றே நான் எண்ணுகிறேன்.

அதற்காக, அவர் எதையுமே சொல்லியிருக்கத் தேவையில்லை என்று நான் வாதாடமாட்டேன். எனக்கும் பயமாக இருக்கிறது என்று ஒரு மனிதன் தன் மனைவியிடம் சொல்லலாம். அதில் எந்தச் சுமையும் கைமாறுவதில்லை. இருவருக்கும் பொதுவான ஒன்று வெளியே வருகிறது, அவ்வளவுதான். நம்முடைய ஆண்களுக்கு அந்த ஒரு வசனம் வராமல் போனது பெரிய இழப்பு என்பதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆயினும் அவர்கள் பேசவே இல்லை என்று நீங்கள் அறுதியிட்டுச் சொல்வதை மட்டும் சற்று நிறுத்தி யோசியுங்கள். பிள்ளைகளின் கண்ணில் படுவது இரவுதான். எஞ்சின் கடனையும் வட்டியையும் போட்டுப் பார்த்த கணக்கு, யார் பிள்ளையைப் பார்ப்பது, அம்மம்மாவை வந்திருக்கச் சொல்வதா என்ற பேச்சுகள், அழுகை, ஏச்சு எல்லாம் நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த பகல்வேளைகளில் நடந்து முடிந்திருக்கலாம். கடைசி இரவின் அமைதிக்கு உண்மையில் ஒரு பொருள் இருக்குமானால், அது அதற்கு முந்திய பகல்களில் பேசப்பட்டவற்றால் வந்த பொருள்தான்.

அகநானூற்றின் ஐந்தாம் பாட்டை இங்கே நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடியது. பொருள் தேடப் போகத் துணிந்த கணவனிடம் அந்தப் பெண் ஒரு சொல்லும் சொல்வதில்லை. மகிழ்ச்சி இல்லாத ஒரு சிறு முறுவலோடு வந்து நிற்கிறாள். மார்போடு அணைத்திருக்கும் மகனின் தலையில் சூட்டிய பூவை மோந்து பெருமூச்சு விடுகிறாள். அந்த மூச்சின் வெம்மையில் பூ நிறம் இழக்கிறது. அதைக் கண்ட கணவன், அருகில் இருக்கும்போதே இப்படி வருந்துபவள் நாம் பிரிந்தால் உயிர் வைத்திருக்கமாட்டாள் என்று எண்ணிப் பயணத்தைக் கைவிடுகிறான். பயணம் தள்ளிப்போவதைப் பற்றித் தொல்காப்பியர் சொல்வதும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டியது: புறப்பட்டவன் இடையில் நின்று தயங்குவது போகாமல் விட்டுவிடுவதற்காக அல்ல, அவளை ஆற்றித் தேற்றுவதற்காக என்கிறார். பேசாத பேச்சு பயணத்தைத் தள்ளிப்போடவும் நிறுத்தவும் கூடியது என்று அந்தப் பழைய மரபுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் உங்கள் வீட்டோடு வைத்துப் பார்க்கும்போது அந்தப் பாட்டில் இரண்டு இடங்கள் எனக்கு முன்பு தெரியாத வகையில் தெரிகின்றன. அங்கே போகிறவன் ஆண். பொருளுக்காகப் போக நினைத்தவன், மனம் வைத்தால் நிற்கவும் முடிந்தவன். நம்முடைய காலத்தில் எண்ணெய் நாடுகளுக்குப் புறப்பட்டவர்களில் பெண்கள் மிகுதி. தொண்ணூறுகளில் இலங்கையிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களில் பெரும்பான்மையினர் அவர்கள்தாம். பழைய பாட்டில் வாசலில் நின்றவளுடைய இடத்தில் உங்கள் அப்பா நிற்கிறார். நிற்பதற்கான வசதியும் உங்கள் அம்மாவுக்கு இருக்கவில்லை. மற்றது, அந்தப் பிள்ளை. தாயின் மார்பில் ஒடுங்கிக் கிடந்த அந்தப் புதல்வன் என்ன கண்டான், என்ன விளங்கிக்கொண்டான் என்று பாட்டு சொல்வதில்லை, உரைகாரர்களும் கேட்கவில்லை. உங்கள் கடிதம் அந்தப் பிள்ளையின் இடத்திலிருந்து எழுதப்பட்டிருக்கிறது. கணவன் மனைவியின் மௌனத்தை அழகாக எழுதும் நாங்கள், அதே அறையில் விழித்துக் கிடக்கும் மூன்றாவது ஆளை எழுதாமல் விட்டுவிடுகிறோம் என்பதை அது காட்டிவிட்டது. உங்கள் குற்றச்சாட்டில் நான் மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும் பகுதி இதுதான்.

நம்முடைய ஊரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை துறையின் அந்தப் பக்கத்துக்குப் பாதையில்தான் போகவேண்டும். ஆளையும் வண்டியையும் ஏற்றிக் கரை கடத்தும் மிதவையைத்தான் இங்கே பாதை என்போம். மூதூருக்குத் தரைவழியே போவதென்றால் நான்கு இடங்களில் பாதை ஏறி இறங்கவேண்டும், இல்லாவிட்டால் லோஞ்சைப் பிடிக்கவேண்டும். காற்று எழும்பினாலோ ஊரடங்கு போட்டாலோ காலையில் சந்தைக்குப் போனவர் அன்று வீடு வந்து சேரமாட்டார். போர் மீண்டும் மூண்ட 1990 ஜூனுக்குப் பிறகு பல வீடுகளில் ஆண்கள் வெளியே போவது என்பதே திரும்பி வருவார்களா என்ற கேள்வியாக இருந்தது. 2006 இல் சம்பூரிலிருந்தும் மூதூர் கிழக்கிலிருந்தும் எழும்பி ஓடிய குடும்பங்கள் வாகரைப் பக்கம் சிலரும் வேறிடங்களில் சிலருமாகப் பிரிந்துபோயின. 2022 இல், பொருளாதாரம் விழுந்த ஆண்டில், அவுஸ்திரேலியாவுக்கென்று புறப்பட்டுக் கிழக்குக் கடலில் கடற்படையிடம் பிடிபட்ட படகுகளில் இருந்தவர்களும், முந்திய இரவு ஏதோ ஒரு வீட்டில் சத்தமில்லாமல் சோறு உண்டவர்கள்தாம்.

இந்த அனுபவம் நம்மிடம் ஒரு பழக்கத்தை விட்டுப்போயிருக்கிறது. கிடுகு வேலிக்கு வெளியே சப்பாத்துச் சத்தம் கேட்ட காலத்தில் பெரியவர்கள் விளக்கை அணைத்தபின் பேசுவதை நிறுத்தினார்கள். பிள்ளைகள் விழித்தால் அழும், அழுதால் வெளியே கேட்கும். அந்தக் காலத்தில் குடும்பம் நடத்தத் தொடங்கிய ஒருவருடைய உடம்பு, போர்நிறுத்தம் வந்தாலும் இரவில் வாய்திறக்கப் பழகியிருக்காது. உங்கள் அப்பாவின் மௌனத்தில் இந்தப் பங்கும் இருந்திருக்கக்கூடும். பயத்தால் பழகிப்போன வாய்மூடலையும் மனைவிக்காக அடக்கிக்கொண்ட சொல்லையும் ஒரே கணக்கில் எழுதக்கூடாது என்று நினைக்கிறேன். முதலாவது நமக்குச் செய்யப்பட்ட அநியாயம். அதைப் பண்பாடு என்று போற்றி அடுத்த தலைமுறையிடம் கொடுக்க எனக்கு மனமில்லை. உங்கள் தலைமுறை அதை விட்டுத்தள்ளினால் மகிழ்வேன்.

ஆகவே உங்கள் வீட்டு இரவுக்கு நான் சொல்லக்கூடியது இது. பேசவேண்டியவற்றை அந்த இரவுக்கென்று வைக்காதீர்கள். கணவர் போகக்கூடாது என்று உங்களுக்கு உண்மையாகவே தோன்றினால் இன்றைக்கே, விசா வருவதற்கு முன்பே, வீட்டு வரவு செலவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அப்போது அது ஒரு கருத்தாக இருக்கும், மறுத்துப் பேச அவருக்கும் இடமிருக்கும். போவது என்று இருவரும் முடிவெடுத்தால், ஒப்பந்தத்தை உங்களுக்குப் படித்து விளங்கும் மொழியில் கேட்டு வாங்குங்கள். சம்பளம் எவ்வளவு, எதற்கெல்லாம் கழிப்பார்கள், எந்த வேலை என்பதை இருவரும் சேர்ந்து படியுங்கள். 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல், சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் இணங்கவேண்டாம். பதிவோடு வரும் காப்புறுதி அப்படிப் போகிறவருக்குக் கிடைக்காது. ஏதாவது நடந்தால் உங்கள் முறைப்பாடும் வலுவிழந்துவிடும். கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம் எல்லாவற்றினதும் பிரதிகள் வீட்டில் இருக்கட்டும். வேலைக்கு எடுப்பவரின் பெயரும் முகவரியும் உங்கள் கையெழுத்தில் ஒரு கொப்பியில் இருக்கட்டும். இன்று எல்லோர் கையிலும் தொலைபேசி இருக்கிறது, வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசலாம். ஆனால் தொலைபேசி உடையும், களவு போகும், வாங்கி வைக்கப்படும். ஆகவே உங்கள் இலக்கத்தை அவர் மனப்பாடமாக வைத்திருக்கட்டும். எத்தனை நாள் அழைப்பு வராவிட்டால் நீங்கள் தேடத் தொடங்கவேண்டும், முதலில் யாரிடம் போகவேண்டும் என்பதையும் இருவரும் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. வேலை சொன்னபடி இல்லாவிட்டால் கடனோடு திரும்பி வந்தாலும் பரவாயில்லை, வீட்டில் எவரும் முகம் சுளிக்கமாட்டார்கள் என்று அவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். வெறுங்கையோடு திரும்ப வெட்கப்பட்டு, அடைபட்ட இடத்திலேயே ஆண்டுக்கணக்காகக் கிடந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் அந்த வசனத்தை எவரும் சொல்லி அனுப்பவில்லை.

இவ்வளவும் பகலில் பேசி முடிந்திருந்தால், அந்த இரவில் என்ன பேசுவது என்ற கவலை உங்களுக்கு இருக்காது. பேசத் தோன்றினால் பேசுங்கள். பேசத் தோன்றாவிட்டால் அதை ஒரு குறையாக எண்ணிக்கொண்டு, சொல்லத்தக்க ஏதாவதொன்றைத் தேடி அலையவேண்டாம். அவருடைய சட்டைக்குப் பொத்தான் தைப்பதாக இருந்தாலும், நீங்கள் இருவரும் சேர்ந்து செய்யும் ஒரு வேலை போதும்.

அம்மாவிடம் அந்த இரவைப் பற்றிக் கேட்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடிதம் முழுவதும் அந்தக் கேள்வி இருக்கிறது. கேளுங்கள். அப்பா ஏன் தடுக்கவில்லை என்று தொடங்கவேண்டாம். அது அவரைக் கணவரின் சார்பில் சாட்சி சொல்ல நிறுத்துவதாகிவிடும். முதல் தடவை கொழும்பிலிருந்து திரும்பி வந்த நாளைப் பற்றிக் கேளுங்கள். அன்றைக்கு அவர்கள் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று சொல்ல அம்மாவிடம் நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன்.

மகனுக்கு ஏழு வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் தூங்கிவிடுவான் என்று நம்பி எதையும் ஒத்திவைக்காதீர்கள். நீங்கள் இருவரும் சேர்ந்து, வெளிச்சத்தில், அவனை இருத்தி வைத்துச் சொல்லுங்கள்: அப்பா போகலாம், போகாமலும் விடலாம், எந்த நாளில் தெரியும், போனால் எவ்வளவு காலம், எந்த நேரத்தில் அழைப்பார். பயணப் பை கட்டும் இரவில் அவனுக்கும் ஒரு வேலை கொடுங்கள். பையின் பூட்டுக்குத் திறப்பைப் போட்டுப் பார்ப்பதும், கடவுச்சீட்டு பையின் எந்த அறையில் இருக்கிறது என்று அப்பாவுக்குச் சொல்வதும் அவன் பொறுப்பாக இருக்கட்டும்.

விசா விவரம் தெரிந்ததும் எழுதுங்கள். ஒப்பந்தத்தில் விளங்காத பகுதி ஏதும் இருந்தால் பிரதியை அனுப்பிவையுங்கள். படித்துச் சொல்லக்கூடிய நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள்.

அன்புடன்.